துணைக்கு யார் வந்திருக்கீங்க?

இந்தக் கண் மருத்துவமனைக் கூடத்தில் நடக்கும் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பணிமனைத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கண் மருத்துவர் அம்மையார் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் கைக்குட்டையை மடியில் மடித்து வைத்திருக்கும் தலைமைச் செவிலியர் அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் விசிலாரின் அருமை மகளே, என்னோடு வண்டி ஓட்டிய தோழர்களே, எனக்கும் பெயர் தெரியாத, ஒருவருக்கொருவரும் பெயர் தெரியாத பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லாருக்கும் ஒரு பழைய டிரைவரின் வணக்கம்.

தலைவர் என் காதருகே குனிந்து, "சுருக்கமா முடிச்சிடுங்க டிரைவரே" என்று சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன். வண்டியை நேரத்துக்கு எடுத்துத்தான் எனக்குப் பழக்கம். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேனா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். இந்த மைக் வேறு என் குரலை எனக்கே திருப்பிச் சொல்கிறது, எரிச்சலாக வருகிறது. இருந்தாலும் இன்று நான் பேசியே ஆக வேண்டும். வாசலில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அதற்கு மேடையில் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் ஒன்று. மேலேயிருந்து பார்க்கிறேன், நீங்கள் ஒவ்வொருவரும் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பஸ்ஸிலும் இப்படித்தான். ஏறுகிறவர்கள் முதலில் ஆளில்லாத சீட்டாகப் பார்த்துத்தான் உட்காருவார்கள். அதெல்லாம் தீர்ந்த பிறகுதான் இன்னொருவர் பக்கத்தில் உட்கார மனசு வரும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க, இன்னொருத்தர் வரட்டும்." அதட்டல் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பற்றிப் பேசத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

விசிலார் மறைந்துவிட்டார். இந்தச் சொல்லை நான் இன்னும் வாய்விட்டுச் சொல்லிப் பழகவில்லை.

கண்டக்டர் என்றால் எல்லாரும்தான் விசில் ஊதுகிறார்கள். இவருக்கு மட்டும் ஏன் விசிலார் என்று பட்டம்? இவர் விசிலிலேயே பேசுவார், அதனால்தான். கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்குகிறாள் என்றால் அதற்கு ஒரு ஊதல், நீளமாக, பதமாக. பையன்கள் படியில் தொங்குகிறார்கள் என்றால் அதற்கு ஒன்று, சுருக்கென்று. எல்லாரும் ஏறியாகிவிட்டது, போகலாம் என்றால் இரண்டு. அந்த இரண்டில் ஒரு சந்தோஷம் இருக்கும். வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை நாங்கள் ஒரே வண்டி. அவர் பின்னால், நான் முன்னால். கணக்குப் பார்த்தால் நான் அவர் முகத்தைப் பார்த்தது கொஞ்சம், விசிலைக் கேட்டதுதான் அதிகம். இப்போது தெருவில் நடந்து போனால் என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நிற்கவா, போகவா என்று சொல்ல ஆளில்லை. நடுத்தெருவில் சும்மா நின்றுவிடுகிறேன், பின்னால் வருகிறவர் திட்டிவிட்டுப் போகிறார்.

இப்போது வாசலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேட்டவர் விசிலாரின் மகள். எனக்கு அவள் பாப்பாதான். பள்ளி விடுமுறை என்றால் என் இஞ்சின் மூடி மேல் உட்கார்ந்துகொண்டு, "மாமா, இன்னும் வேகமா" என்று விரட்டுவாள். இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையில் நரையோடு, தூர தேசத்திலிருந்து வந்திருக்கிறாள். கையில் ஒரு பை. அவர் உயிர் பிரிந்த பெரிய மருத்துவமனையில் கொடுத்தார்களாம், கடைசியாகப் போட்டிருந்த உடுப்பு. அந்தப் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே பளீரென்று ஒரு நீலச் சட்டை.

"டிரைவர் மாமா, அப்பா இந்தக் கலரெல்லாம் போடவே மாட்டாரே. காக்கியை விட்டா வெள்ளை, வெள்ளையை விட்டா காக்கி. இது யாரு வாங்கிக் குடுத்தது?"

"சொல்றேன் பாப்பா."

"இன்னொண்ணு மாமா. கடைசி நேரத்துல யாரு கூட இருந்தாங்கன்னு ஆஸ்பத்திரியில கேட்டேன். 'உங்க அத்தைதான் இருந்தாங்க, கையை விடவே இல்லை'ன்னு சொன்னாங்க. எனக்கு ஏது மாமா அத்தை? அப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளை. எனக்குத் தெரியாம அப்பாவுக்குன்னு யாராவது இருந்தாங்களா? இருந்திருந்தா சந்தோஷம்தான். சத்தியமா சந்தோஷம்தான். இல்லைன்னா, தனியாத்தான் இருந்தாரா?"

அவையோரே, இந்தக் கேள்விக்கு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொல்ல முடியுமா? "உள்ளே போய் உக்காரு, மேடையில சொல்றேன்" என்று அனுப்பினேன். அவளும் உட்கார்ந்திருக்கிறாள். சட்டையை மடியில் வைத்திருக்கிறாள்.

பாப்பா, உன் அம்மா போன பிறகு, நீயும் கல்யாணமாகிப் போன பிறகு, அந்த வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். நான் போனால் எனக்கு டம்ளரில் டீ ஊற்றிவிட்டு அவர் கிண்ணத்தில் குடிப்பார். "இன்னொரு டம்ளர் வாங்கினா என்ன, காசா இல்ல?" என்று கேட்டேன். "வாங்கி வெச்சா தினமும் கண்ணுல படும் டிரைவரே, யாரு வரலைன்னு" என்றார்.

அவருக்குச் சந்தோஷங்களே இல்லையா? இருந்தன. அவர் சந்தோஷங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவது அதில் ஒன்று. ஆயுள் முழுக்கப் பஸ்ஸில் நின்றவர் அல்லவா? ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் குளித்துவிட்டு நேராக நிறுத்தத்துக்குப் போய், எங்கள் பழைய வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுக் கண்டக்டரிடம் முறையாக டிக்கெட் வாங்கி, கடைசி நிறுத்தம்வரை போய்விட்டு வந்தார். வந்து என்னிடம் சொல்கிறார், "டிரைவரே, வழியில ஒரு குளம் இருக்குய்யா." அந்தக் குளத்தைத் தாண்டித்தான் நாங்கள் தினமும் போய் வந்தோம். நான் ரோட்டைப் பார்த்தேன், அவர் சில்லறையைப் பார்த்தார். குளம் அது பாட்டுக்கு அங்கேயே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கடைசி நிறுத்தத்தில் இஞ்சினை அணைத்தவுடன் ஒரு அமைதி வரும், ஓட்டியவர்களுக்குத் தெரியும். காது அப்படியே திறந்துகொள்ளும். "பேசாத, இதைக் கேளு" என்பார். ஒரு காக்காய் கத்தும், டீக்கடையில் யாரோ கரண்டியைப் போடுவார்கள். அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு முகமெல்லாம் மலர்ந்து நிற்பார். எனக்கு அப்போது பசி, அதனால் நான் இவரை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன்.

ஓய்வுக்குப் பிறகு அவர் கண்ணில் புரை விழுந்தது. பாப்பா, இந்தக் கதை உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். இன்று அந்தச் சத்தியத்தை உடைக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், எனக்கும் அவர் மேல் கோபம் இருக்கிறது.

தானாகவே இந்த மருத்துவமனைக்குப் போனார். பரிசோதனை எல்லாம் முடித்துத் தேதி வாங்கி, அந்த நாளில் சொன்ன நேரத்துக்குப் போய்க் கவுண்டரில் நின்றார். இதோ மேடையில் இருக்கிறாரே, இந்தச் செவிலியர் அம்மாதான் அங்கே இருந்தார். கேட்டார், "துணைக்கு யார் வந்திருக்கீங்க?"

அது அங்கே விதி. ஒரு கண்ணைக் கட்டி அனுப்புகிறவரைத் தனியாக ரோட்டில் விட முடியாது. கூட்டிப் போக ஒரு ஆள் வர வேண்டும். இல்லையென்றால் அறுவை சிகிச்சை இல்லை. நியாயமான விதிதான், நான் குறை சொல்லவில்லை.

"யாரும் வரலைம்மா. நானே போயிக்குவேன்."

"அப்படி விட முடியாதுங்க ஐயா. பையன், பொண்ணு, பக்கத்து வீட்டுல யாராவது?"

"இன்னைக்கு யாருக்கும் வசதிப்படல."

யாருக்கும் வசதிப்படவில்லையாம். யாரைக் கேட்டார்? உன்னைக் கேட்டாரா பாப்பா? கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி, பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னைக் கேட்டாரா? கேட்கவில்லை. முன்பின் தெரியாதவரிடமெல்லாம் கையை நீட்டி "டிக்கெட், டிக்கெட்" என்று கேட்டே வாழ்ந்த மனுஷருக்கு, தனக்கென்று ஒன்று கேட்க வாய் வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. உன்னிடம் ஏன் மறைத்தார் தெரியுமா? துணைக்கு ஆளில்லாமல் அப்பா கவுண்டரில் நின்றார் என்று தெரிந்தால் நீ அங்கே சாப்பிட மாட்டாய் என்று.

சரி. வேறு தேதி வாங்கிக்கொண்டு திரும்பப் பார்த்தார். அப்போது அங்கே தண்ணீர் கேன் போட வந்த ஒருவர், தோளில் கேனோடு நின்றுகொண்டே பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிறார். கேனை இறக்கி வைத்தார். "சிஸ்டர், நான்தான் துணை. நம்ம மச்சான்தான் இவரு. கேனை வெச்சிட்டு வர்றதுக்குள்ள அவசரப்படறாரு பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

விசிலார் வாயே திறக்கவில்லை. திறந்தால் தேதி போய்விடும். உள்ளே போனார், அறுவை முடிந்தது, கண்ணைக் கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். கேன்காரர் சொன்னபடி திரும்பி வந்து நிற்கிறார். தண்ணீர் வண்டியில், கேன்களுக்கு நடுவில், கோணியை மடித்துப் போட்டு இவரை உட்கார வைத்தார். நேராக வீட்டுக்குப் போக முடியுமா? அவருக்குப் பிழைப்பு இருக்கிறதே. கடை கடையாக நிறுத்திக் கேன் இறக்கினார். ஒவ்வொரு கடையிலும், "வண்டியில யாருய்யா?" என்று கேட்பார்கள். "மச்சான்பா. கண்ணு ஆபரேசன். குலுங்காம ஓட்டணும், சீக்கிரம் சில்லறையக் குடு" என்பாராம். வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்து, தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்து, "வரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. விசிலாருக்கு அவர் முகமும் தெரியாது. போகும்போது இரண்டு கண்ணிலும் புரை, வரும்போது ஒன்றில் கட்டு, இன்னொன்றில் புரை. குரல் மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு தெருவில் எந்தத் தண்ணீர் வண்டி நின்றாலும் இவர் பக்கத்தில் போய் நின்று காது கொடுப்பார். "என்ன பெரியவரே, கேன் வேணுமா?" என்று கேட்பார்கள். "இல்லப்பா, சும்மா" என்று வந்துவிடுவார். அந்தக் குரல் கிடைக்கவே இல்லை.

மறுநாள் மருத்துவமனையில் கட்டைப் பிரித்தார்கள். அவர் முதலில் என்ன பார்த்தார் தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் வாளி. தரை துடைக்கிற அம்மா வைத்துவிட்டுப் போயிருந்த நீல வாளி. புரை விழுந்த கண்ணுக்கு நீலம் தெரியாதாம், எல்லாமே பழைய காகிதம் மாதிரி மங்கலாகிவிடுமாம். டாக்டர் அம்மா தலையாட்டுகிறார், சரியாகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது. அந்த வாளியைப் பார்த்து விசிலாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நீலம். யாரிடமாவது சொல்ல வேண்டும். அக்கம்பக்கம் பார்த்தால் யாரும் இல்லை. கடைசியில் துடைக்கிற அம்மாவிடமே போய், "அம்மா, உங்க வாளி ரொம்ப அழகா இருக்கு" என்றாராம். அந்த அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய் அந்த வாளி நிறத்தில் ஒரு சட்டை தைக்கக் கொடுத்தார். பாப்பா, உன் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். சட்டையை யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. அவரே வாங்கினார், அவருக்காக அல்ல.

அடுத்த வாரத்திலிருந்து விசிலார் காலையில் வந்து இந்த மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். துணை இல்லாமல் வருகிறவரைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். படியில் ஏறாமல் நின்று, தெருவைத் திரும்பிப் பார்ப்பார்களாம், யாரோ வரப்போகிற மாதிரி. பக்கத்தில் போய்க் கேட்பார், "துணைக்கு ஆள் வேணுமா? சும்மாதான் இருக்கேன்." பிறகு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து உறவைப் பேசி முடிவு செய்வார்கள். கவுண்டரில் கேட்பார்களே, என்ன உறவு என்று? "நான் உங்களுக்கு என்ன வேணும், நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிடுவார். ஒருவர் மாமா என்பார், ஒருவர் சம்பந்தி என்பார். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், இங்கே மூன்றாவது வரிசையில் இருக்கிறார், யோசித்து, "தம்பின்னு சொல்லுங்க" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. வீடு போகும்வரை, கண்ணில் கட்டோடு, "ஏன்டா இப்படி இளைச்சுப் போயிருக்கே, வேளைக்குச் சாப்பிடறியா இல்லையா" என்று சொந்தத் தம்பியைத் திட்டுகிற மாதிரி திட்டிக்கொண்டே வந்தாராம். விசிலார் அதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார். அவரை யாராவது திட்டி வெகு காலமாகியிருந்தது.

விதியை ஏமாற்றினாரா என்று கேட்பீர்கள். செவிலியர் அம்மாவையே கேளுங்கள். அவர் இப்போது ஜன்னலைப் பார்க்கிறார்.

டாக்டர் அம்மா மன்னிக்க வேண்டும், இதை நான் சொல்லியே தீருவேன். இவர் புதிதாக வேலைக்கு வந்த நேரம். வாரத்தில் பாதி நாள் அதே மனிதர் வந்து நிற்கிறார். ஒரு நாள் அண்ணனுக்குத் துணை, ஒரு நாள் அத்தைக்கு, ஒரு நாள் சகலைக்கு. ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். "ஐயா, உங்க குடும்பத்துல இத்தனை பேருக்கு இருக்குன்னா இது பரம்பரையா வருது. சாதாரணமா விடக்கூடாது. வீட்டுல இருக்கிற எல்லாரையும் ஒரே நாள்ல கூட்டிட்டு வாங்க, மொத்தமா பரிசோதிச்சுடலாம்." விசிலார் கையைக் கட்டிக்கொண்டு, "எங்க குடும்பம் கொஞ்சம் பெருசுங்க டாக்டர், இந்தக் கட்டடம் பத்தாது" என்றாராம். டாக்டர் அம்மா சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை, பரம்பரை நோய் பற்றி முழுதாக ஒரு பாடம் எடுத்து அனுப்பினார்.

துணை போனவருக்கு மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது விசிலார் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரில் போய் நிற்பார். கண் திறந்ததும் எதிரில் நீலம் தெரிய வேண்டும், அதைச் சொல்ல எதிரில் ஒரு ஆளும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் திட்டம். "ஐயோ, என்ன இவ்வளவு நீலமா இருக்கு" என்று ஒருவர் சொல்வதைக் கேட்பதற்காக அவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பஸ்ஸில் வருவார்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். பாப்பா, தனியாத்தான் இருந்தாரா என்று கேட்டாய். இத்தனை பேர் வந்திருக்கிறார்களே, எங்கே தனியாக இருந்தார் என்று சொல்லி உன்னைத் தேற்றி அனுப்பலாம். நான் அதைச் செய்ய மாட்டேன். தனியாகத்தான் இருந்தார்.

இங்கே இருப்பவர்கள் யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் அவரை எப்போது பார்த்தீர்கள்? முதல் நாள் புரையோடு பார்த்தீர்கள், மறுநாள் சட்டையைப் பார்த்தீர்கள். முகத்தை யார் பார்த்தது? அவர் வெள்ளைச் சட்டையோடு கடைத்தெருவில் வந்தால் நீங்கள் அவரைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் கூடவே நடந்து பார்த்திருக்கிறேன். "அதோ போறாரே, நான் அவருக்குச் சித்தப்பா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். "அப்ப அந்த நீலச் சட்டையைத்தான் தினமும் போடேன்யா, நாலு பேரு பேசுவாங்க" என்றேன். "அது வேலை உடுப்பு டிரைவரே. வேலை நேரத்துல மட்டும்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து, உள்ளே விளக்கைப் போட்டு, ஒரு தட்டைக் கழுவினார். நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "நல்லா இருக்கேன்மா" என்பார். அது முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை.

அந்தக் கடைசிக் காலையில் அவர் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தார். ஒரு தையல்காரருக்குக் கட்டுப் பிரிக்கிற நாள். அந்தத் தையல்காரர் இதோ இந்தக் கூட்டத்தில், கறுப்புக் கண்ணாடியோடு தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பஸ் வருவதற்கு முன்னால் விசிலாருக்கு நெஞ்சு வலித்து, பெஞ்சில் சாய்ந்துவிட்டார். நிறுத்தத்தில் ஆட்கள் இருந்தார்கள். பஸ் வந்தது, பலர் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், வேலைக்குப் போகிறவர்கள். ஒரு பெண் மட்டும் ஏறவில்லை.

இதையெல்லாம் ஆம்புலன்ஸில் வந்த உதவியாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வண்டியில் ஏற்றும்போது அவர் கேட்டிருக்கிறார், "துணைக்கு யார் வர்றீங்க?"

பாருங்கள், அதே கேள்வி.

"நான் வரேன்" என்றாராம் அந்தப் பெண். "என்ன உறவு?" என்று கேட்டதற்கு, கொஞ்சம்கூட யோசிக்காமல், "தங்கச்சி" என்றாராம். காய்கறிப் பையோடு ஏறி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இதோ வந்தாச்சு அண்ணே, கண்ணத் திறந்துக்கிட்டே இருங்க" என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்திருக்கிறார். விசிலாருக்கு நினைவு இருந்தது. தன் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கண்ணாஸ்பத்திரியில ஒருத்தர் காத்திருப்பாரு. நான் வரலைன்னு சொல்லணும்" என்றாராம். அந்தப் பெண் அவர் போனிலிருந்தே இங்கே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். செவிலியர் அம்மாதான் எடுத்தார். "அண்ணன் இன்னைக்கு வர முடியலைங்க. கட்டுப் பிரிக்க ஒருத்தர் காத்திருப்பாராம், அவரை மறந்துட்டதா நினைச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு." தையல்காரருக்குக் கட்டைப் பிரித்தபோது எதிரில் ஒரு காலி நாற்காலி இருந்தது. அதைத்தான் அவர் முதலில் பார்த்தார். ஆனால் சேதி வந்து சேர்ந்திருந்தது.

மருத்துவமனையில் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாப்பா, அந்த அத்தை யார் என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. விசிலார் துணை போன ஆட்களில் ஒருவராக இருக்கும், நன்றிக்கடனாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். நிறுத்தத்தில் விசாரித்தேன், மருத்துவமனையில் விசாரித்தேன், உங்கள் எல்லாரையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. விசாரித்த வரையில், அந்த அம்மாவுக்கு விசிலார் யாரென்றே தெரியாது. சட்டையின் கதை தெரியாது, பெஞ்சின் கதை தெரியாது. அவர் நல்லவரா கெட்டவரா என்றுகூடத் தெரியாது. ஒரு வயசானவர் தனியாகச் சாய்ந்து கிடக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். அன்று வேலைக்குத் தாமதமாகப் போய் ஏச்சு வாங்கியிருப்பார். உன் அப்பாவுக்கு உனக்குத் தெரியாத குடும்பம் எதுவும் இல்லை பாப்பா. தனியாக வாழ்ந்தார். தனியாகச் சாகவில்லை. இரண்டும் நிஜம். இரண்டையும் சேர்த்துத்தான் நீ எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அந்தச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போ. இங்கேயே விட்டுவிட்டுப் போகவா என்று கேட்க நினைக்கிறாய், முகத்தில் தெரிகிறது. வேண்டாம். எங்களுக்குக் கடையில் வேறு நீலம் கிடைக்கும், தைத்துக் கொடுக்க ஆளும் தூண் பக்கத்தில் இருக்கிறார்.

அவையோரே, இப்படிப்பட்ட கூட்டத்தில் கடைசியாக உறுதிமொழி எடுப்பது முறை. அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று சொல்லுவோம், எல்லாரும் எழுந்து நிற்போம், வெளியே போய் டீ குடிப்போம். நானும் அப்படி ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். துணைக்குப் போவேன் என்று. இப்போது அதைச் சொல்லப் போவதில்லை. துணைக்குப் போகிறேன் என்று சொல்வது சுலபம், அது விசிலாருக்கே வந்தது. எனக்குத் துணைக்கு வா என்று கேட்பது இருக்கிறதே, அது அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அந்த ஒன்றை அவர் முடிக்காமல் போய்விட்டார். விட்டுப்போன பணி என்றால் அதுதான்.

எனக்கு வலது கண்ணில் புரை, இடது கண்ணுக்குக் கிட்டே இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். முன் வரிசையில் இருக்கிற பாப்பாவின் முகமே பனிக்குள் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. முகத்தில் தெரிகிறது என்று சற்று முன் சொன்னது சும்மா ஊகம். "வா டிரைவரே, நான் வரேன்" என்று விசிலார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் எங்கே போய்விடப் போகிறார் என்ற தைரியம். என் வீட்டில் இப்போது நானும் ஒரு ரேடியோவும்தான்.

வருகிற புதன்கிழமைக்குத் தேதி வாங்கிவிட்டேன். செவிலியர் அம்மா கவுண்டரில் அந்தக் கேள்வியைக் கேட்பார். கேட்காமல் விடமாட்டார், விடவும் கூடாது. பாப்பா, நீ கையைத் தூக்காதே, உனக்கு நாளைக்கு விமானம். தலைவரே, நீங்களும் வேண்டாம், உங்களுக்கு அன்று பேச்சுவார்த்தை. தெரிந்தவர்தான் வர வேண்டும் என்பதில்லை. இத்தனை பேருக்கு முன்னால், என் குரலை இந்த மைக் பெரிதாக்கிக் காட்டினாலும் பரவாயில்லை என்று கேட்கிறேன். எனக்குத் துணைக்கு யார் வருகிறீர்கள்?

இப்போது பதில் சொல்ல வேண்டாம். கூட்டம் முடிந்ததும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருப்பேன். வருகிறவர் வாருங்கள். என்ன உறவு என்பதை அங்கே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.